தெற்குச் சரிவில் என் கால்தடம்

கார்பின் கூரை மேல நடக்கிறதப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும். ஏணியில ஏறுவான், விளிம்பத் தாண்டுவான், அப்புறம் சமையல்கட்டுக்குக் காபி எடுக்கப் போற மாதிரி நேரா புகைபோக்கி வரைக்கும் நடந்து போயிடுவான். பதினோரு வருஷம் கடையில டோனட் பொரிச்ச ஆளு! அவனுக்கு எங்கிருந்து வந்துச்சு இந்தக் கால்?

நான் ட்ரூடி. சலைனா ஊர்ல பதினேழு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ. பிள்ளைங்க போடற சத்தத்துல, போதும்டா சாமின்னு இந்த வேலைக்குப் பயிற்சிக்கு வந்தேன். வீடு வாங்கப் போறவங்களுக்காக அந்த வீட்ட மேலிருந்து கீழ வரைக்கும் சோதிச்சு அறிக்கை எழுதணும். மேக்சீனோட கம்பெனி சின்னது. பயிற்சிக்குன்னு நானும் கார்பினும் மட்டும்தான். ஜூலைக் கடைசியில ஒருத்தரத்தான் வச்சுக்குவேன்னு முதல் நாளே சொல்லிட்டா. எனக்கு நாப்பத்தாறு வயசு. இது கிடைக்கலேன்னா திரும்பவும் அந்த பஸ்தான்.

நிலவறை, மின்பெட்டி, பரண், இதுலயெல்லாம் நான் கெட்டிக்காரி. கூரைன்னா மட்டும் பயம். ஏணியில நின்னு பைனாகுலர்ல பாத்துட்டு, "ஏணியிலிருந்து பார்க்கப்பட்டது"ன்னு அறிக்கையில எழுதுவேன். அது தப்பில்ல, விதியில இடம் இருக்கு. ஆனா அந்த வரிக்கு வந்ததும் மேக்சீனோட பேனா நின்னுடும்.

"ட்ரூடி, கூரை ஒண்ணும் உன்னக் கடிச்சிடாதுடி," ன்னு சிரிப்பா.

கார்பின் உடனே டோனட் பெட்டிய நீட்டுவான். "விடுங்க மேக்சீன். பரணுக்குள்ள பூந்து ட்ரூடி கண்டுபிடிக்கிறதெல்லாம் என் கண்ணுல படவே படாது."

பாத்தீங்களா, நல்லவன் வேற! கெட்டவனா இருந்திருந்தா நாலு திட்டு திட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். அந்த டோனட்டும் நல்லாத்தான் இருக்கும், அது இன்னும் எரிச்சல்.

அவன் ஷூவுலதான் விஷயம் இருக்குன்னு எனக்குத் தோணிடுச்சு. கூரைக்குன்னே செஞ்சது அது. அடிப்பக்கம் மெத்துமெத்துன்னு, தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமா இருக்கும். யார்கிட்டயும் சொல்லாம அதே ஷூவ என் அளவுல வாங்கி, கார் டிக்கியில போர்வைக்கு அடியில ஒளிச்சு வச்சேன். மூணு வாரம் அது அங்கேயே கிடந்துச்சு.

அப்பத்தான் ஸ்டக்கியோட வீடு வந்துச்சு. ஸ்டக்கி வீட்ட விக்கிற பெரியவர், கோதுமை விவசாயி. அன்னிக்கு மேக்சீனுக்கு வேற வேலை, எங்க ரெண்டு பேரையும் தனியா அனுப்பிட்டா. மதியம் ரெண்டு மணி, நூத்தி மூணு டிகிரி வெயில். கார்பின் ஏணியில ஏறி, கூரை மேல உள்ளங்கைய வச்சு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணினான். அஞ்சு வர்றதுக்குள்ள கைய உதறிக்கிட்டு இறங்கிட்டான்.

"இன்னிக்கு வேணாம் ட்ரூடி. நாளைக்குக் காலைல குளுமையில வந்து பாத்துக்கலாம்," ன்னுட்டு நிலவறைக்குப் போயிட்டான்.

எனக்கு வந்த சந்தோஷத்தக் கேக்கணுமா? பயந்துட்டான்! தெற்குப் பக்கச் சரிவு செங்குத்தா இருந்துச்சு, அதப் பாத்துப் பயந்துட்டான், கைய வச்சது சும்மா சாக்குன்னு நெனச்சேன். ஓடிப்போய் ஷூவ மாட்டினேன். ஏணியில ஏறினேன். விளிம்பத் தாண்டி ஒரு கால், அப்புறம் இன்னொரு கால்.

ஐயோ, நடந்தேங்க! ஷூ கூரையக் கவ்விப் பிடிச்சுது. புகைபோக்கி வரைக்கும் போனேன். அங்க மழைத்தண்ணி இறங்காம இருக்க அடிச்சிருந்த தகடு ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. கீழ இருந்து பாத்தா அது ஜென்மத்துக்கும் தெரியாது. படம் எடுத்தேன். ஏணி மேலயே கண்ண வச்சுக்கிட்டு இறங்கி வந்தேன். நடந்த வழிய ஒரு தடவை கூடத் திரும்பிப் பாக்கல. நாளைக்கு மேக்சீன் மேசை மேல இந்தப் படத்தப் போட்டுட்டு அவன் முகத்தப் பாக்கணும், அந்த ஒரு நெனப்புதான்.

மறுநாள் காலைல நான் படத்தக் காட்டறதுக்குள்ள ஸ்டக்கியோட போன் வந்துடுச்சு. மூணு பேரும் ஓடினோம். முற்றத்துல நின்னு மேல பாத்ததும் எனக்கு உசுரே போயிடுச்சு. தார் ஓடு அது. மேல பொடிக்கல் ஒட்டியிருக்கும், அதுதான் மழை வெயிலுக்குக் காப்பு. நல்ல வெயில்ல தார் இளகிப்போகும், அப்ப மிதிச்சா பொடிக்கல்லு உருண்டு வந்துடும். வெயில்ல ஏறாதேன்னு முதல் வாரமே மேக்சீன் சொல்லிக் குடுத்தது. விளிம்புலேர்ந்து புகைபோக்கி வரைக்கும், போகவும் வரவும், கறுப்புக் கறுப்பா தடம்.

மேக்சீன் ஏணியில ஏறிப் பாத்தா. "தேன்கூட்டுக் கட்டம். கார்பின், இது உன் ஷூடா."

ஸ்டக்கி என்னக் கை காட்டினாரு. "இந்தம்மாவும்தான் வந்திருந்தாங்க."

"இவளா? இவ ஏணியத் தாண்டவே மாட்டா," ன்னா மேக்சீன்.

சுருக்குன்னுச்சு. ஆனா வாயத் திறக்கல. திறந்தா வேலை போச்சு, மூடிக்கிட்டா வேலை எனக்கு. உங்ககிட்ட என்ன ஒளிவுமறைவு, மூடிக்கிட்டேன்.

கார்பின் மேல ஏறினான். ஒரு தடத்துக்குப் பக்கத்துல தன் கால வச்சுப் பாத்தான். அவன் கால் ரெண்டு விரக்கடை பெரிசா இருந்திருக்கும். அங்கிருந்தே என்னப் பாத்தான், என் காலயும் பாத்தான். இறங்கி வந்து, "ஆமா மேக்சீன், நான்தான். தப்பு என்னோடது," ன்னான்.

 மேக்சீனோட குரல் இறங்கிடுச்சு. "நல்லா வேலை தெரிஞ்சவன், இப்படிப் பண்ணிட்டியே. சரி, மறைக்காம சொன்ன பாரு, அதுவே பெரிசு."

ஸ்டக்கியும் தொப்பியக் கழட்டித் தலையச் சொறிஞ்சாரு. "முகத்துக்கு நேரா தப்ப ஒத்துக்கிறவன் இப்ப யாருய்யா இருக்கான்? வா தம்பி, உள்ள வந்து ஐஸ் டீ குடி."

ஐஸ் டீ! என் கூரைக்கு அவனுக்கு ஐஸ் டீ! வாழ்க்கையில ஒரே ஒரு தடவை உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு நான் நடந்தேன், அந்த நடையயும் இவன் எடுத்துக்கிட்டான். நல்லவன்ங்கிற பேரும் அவனுக்கே. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"அது என் கால்!" னு கத்தினேன். டிக்கியத் திறந்து ஷூவத் தூக்கிட்டு வந்து மேக்சீன் முன்னாடி வீசினேன். அடியில பொடிக்கல்லும் தாரும் அப்பியிருந்துச்சு. "வச்சுப் பாருங்க, அச்சா பொருந்தும். நான்தான் நடந்தேன். புகைபோக்கித் தகடு தூக்கிக்கிட்டு நிக்கிறதக் கண்டுபிடிச்சதும் நான்தான், இந்தா படம்!"

கார்பின் மெதுவா, "நான் சமாளிச்சுக்குவேன் ட்ரூடி, எதுக்கு..." ன்னான்.

"உன்ன யாருடா கேட்டா?"

மேக்சீன் ஷூவக் கையில எடுத்துத் திருப்பிப் பாத்தா. அப்புறம் கூரைய நிமிந்து பாத்தா. "இவ்ளோ செங்குத்துல ஏறினியா?" ன்னா. அவ குரல்ல ஆச்சரியம் இருந்துச்சு, சத்தியமா இருந்துச்சு. அடுத்த பேச்சுலயே, "ஆபீஸ் சாவியக் குடுத்துட்டுப் போ ட்ரூடி," ன்னுட்டா. கூரை மேல நடந்ததுக்காக இல்லயாம், வாய மூடிக்கிட்டு நின்னதுக்காகவாம்.

உண்மையச் சொன்னதுக்கு என் அக்கா என்னப் பாராட்டினா. நான் எங்க உண்மைக்காகச் சொன்னேன்? அந்த ஐஸ் டீயத் தாங்க முடியாமச் சொன்னேன்.

வேலை கார்பினுக்குப் போச்சு. நான் ஆகஸ்ட்லேர்ந்து திரும்ப பஸ் ஓட்டறேன். தினம் காலைல என் பஸ் ஸ்டக்கி வீட்டத் தாண்டித்தான் போகும். கூரையில என் தடம் விழுந்த பட்டைக்கு மட்டும் புது ஓடு மாத்தியிருக்காங்க, நிறம் சேரல, தெருவுலேர்ந்தே தெரியும். புது ஓடு சரியா இருக்கான்னு மேல நடந்து பாத்துக் கையெழுத்துப் போட்டது கார்பினாம். கேட்டதும் மறுபடி வயிறு எரிஞ்சுது. ஆனா அவன் நடந்தது என் வழியிலதான்.