தட்டாமல் விட்ட என்டர்

எங்கள் அலுவலகத்தின் கிளஸ்டரில், அதாவது ஒன்றாக இணைத்த சர்வர் கூட்டத்தில், எது பழையதோ, அதன் பிராசசர் வகையைத்தான் எல்லாவற்றுக்கும் அமைத்திருந்தேன். புது சர்வர்களும் தங்கள் திறமையை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கிழடாக நடிக்க வேண்டும். அப்போதுதான் அவற்றுக்குள் ஓடும் மென்பொருள் கணினிகளை, அதாவது வி.எம்.களை, நிறுத்தாமலே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். வேகமே இல்லை என்று அலுவலகம் முணுமுணுத்தது. காரணம் தெரிந்ததால் யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

காரணம் என் தம்பி. வாலு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். எதிர் மேசையில் உட்கார்ந்துகொண்டு, வாயால் கேட்க வேண்டியதைக்கூட சோதனை வி.எம். வழியாக என் திரைக்கு அனுப்புவான். அன்றும் 'அக்கா, டீ குடிக்கப் போலாமா' என்று அடித்தான். என்டர் தட்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆஸ்பத்திரி வரை உயிர் தாங்கவில்லை.

அந்த வரி அவன் லாகினில் அப்படியே நின்றது, முனையில் கர்சர் மின்னியபடி. வி.எம்.மை ஒருமுறை நிறுத்தினால் அதுவும் போய்விடும். சர்வர் மாறும்போதெல்லாம், தூங்கும் குழந்தையைத் தூக்கி வேறு இடத்தில் கிடத்துவதுபோல அதை மாற்றிவந்தேன்.

வி.எம்.களை ஓட்டும் மென்பொருளுக்கு இப்போது வந்த புதுப் பதிப்பு, அந்தப் பழைய பிராசசர் வகையை ஏற்கவே இல்லை. வகையை மாற்றினால் ஒவ்வொரு வி.எம்.மையும் நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். மற்றவை எல்லாம் முடிந்துவிட்டன, அவனுடையது மட்டும் பாக்கி. போட்டோ எடுத்து வைத்துக்கொள் என்றாள் அம்மா. போட்டோவில் கர்சர் மின்னுமா?

மேனேஜர் வந்து நின்றார். எப்போதும் காட்டுக் கத்தல் கத்துகிற மனுஷன் மெதுவாகச் சொன்னார்.

"நீங்க வெளிய இருங்கம்மா. நான் பண்ணிடறேன்."

"எங்க வீட்டுப் பையன் சார். நானே பண்றேன்."

அவன் லாகினுக்குள் போய், அவன் தட்டாமல் விட்ட என்டரைத் தட்டினேன். என் திரையில் செய்தி வந்து விழுந்தது. அனுப்பியவர் இடத்தில் அவன் பெயர். தேதி இன்றையது. அக்கா, டீ குடிக்கப் போலாமா.

அடக்க முடியாமல் அழுதேன். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 'வரேன்டா' என்று அடித்து அவனுக்கு அனுப்பினேன். பிறகு வி.எம்.மை நிறுத்தினேன்.

புது வகையில் அது மளமளவென்று எழுந்து வந்து, யார் என்று பெயர் கேட்டது. என் பெயரைக் கொடுத்து நுழைந்தேன். வேறு யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்தேன். நான் மட்டும்தான் இருந்தேன்.