சொல்லிக்கொடுத்த வாக்குமூலம்

விமான நிலையத்துக்குப் போகக் கார் வருவதற்குள், டைப்பிஸ்ட் தன் மகளின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். ஐந்து வயதுச் சுண்டெலிக்குக் கால் ஒரு நிமிடம் நிற்காது.

"கூசுதுப்பா! மிச்சத்த நீங்க அங்க வந்து வெட்டுங்க."

"அதுக்குள்ள நகம் வளந்து நீ மரமே ஏறிடுவ."

மகளோடு கிளம்பும் மனைவியின் கைப்பையில் ஒன்பது பக்க வாக்குமூலம் இருந்தது. இருபது வருஷம் கோர்ட் வாசலில் ஊருக்கே மனு தட்டியவர் டைப்பிஸ்ட். ஒரு மனு பெரிய இடத்தில் போய்க் குத்தியதிலிருந்து வீட்டு வாசலுக்கு ஆட்கள் வந்து மிரட்டினார்கள். அந்நிய நாட்டில் அடைக்கலம் கேட்க அதற்கு ஆதாரம் வேண்டும். மிரட்டியவன் ரசீதா கொடுப்பான்? அதனால் தன்னையே கொடுமைக்காரப் புருஷனாக்கி, மனைவி சொல்வதாக எழுதினார். பேசவும் அவரே பழக்கினார்.

"மூணாம் பக்கத்துல குரல் கொஞ்சம் நடுங்கணும்."

"போங்க, உங்களப் பாத்துச் சொன்னா எனக்குச் சிரிப்புதான் வருது."

இரண்டு வருஷம் கழித்து, சமாதானமாகிவிட்டோம் என்று எழுதிக்கொடுத்து அவரையும் அழைத்துக்கொள்வதாகப் பேச்சு.

அடைக்கலம் கிடைத்தது. பிறகு இருவருக்கும் குடியுரிமையும் வந்தது. வாரம் ஒருமுறை வந்த வீடியோ அழைப்பு மாதம் ஒன்றாகி, ஒருநாள் நின்றே போனது. நாலாம் வருஷம் அவளுடைய வக்கீலின் கடிதம் வந்தது. விவாகரத்து வேண்டும், மகள்மீது தகப்பனுக்கு எந்த உரிமையும் கூடாது. ஆதாரம், அந்த ஒன்பது பக்கம்.

விசாரணை காலை பத்து மணிக்கு, இங்குள்ள அவருடைய வக்கீலின் அறையில், கணினித் திரையில்.

"சொந்தச் செலவுல சூனியம் வெச்சிக்கிட்டீங்களேண்ணே," என்றார் வக்கீல். "பொய்னு ஒத்துக்கிட்டா உங்க பேரு மிஞ்சும். ஆனா அவங்க ரெண்டு பேரு குடியுரிமையும் போகலாம். திருப்பி அனுப்பிடுவாங்க."

"எங்க?"

"வேற எங்க? இங்கதான்."

போன வாரம்கூட அந்த மிரட்டல் ஆட்களின் வண்டி தெருமுனையில் நின்றது.

திரையில் மனைவி மூன்றாம் பக்கத்தை வாசித்தாள். அவர் தேடித் தேடிக் கோத்த வார்த்தைகள்தான். நடுங்க வேண்டிய இடத்தில் குரல் சரியாக நடுங்கியது.

"இதெல்லாம் உண்மையா?" நீதிபதியின் கேள்வியை மொழிபெயர்ப்பாளர் டைப்பிஸ்டிடம் கேட்டார்.

அவள் குனிந்தே இருந்தாள். மகளை இந்தத் தெருவுக்கு இழுத்துவர இந்த மனுஷனுக்கு மனசு வராது என்ற தைரியத்தில்தான் அவள் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவரை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவள் வேறு யார்?

"உண்மைதாங்க," என்றார்.

வக்கீல் பேனாவை மூடி வைத்தார்.

ஒரு மாதத்தில் தீர்ப்பு நகல் வந்தது. மகளுக்குப் பதினெட்டு வயது ஆகும் வரை கடிதம், அழைப்பு, சந்திப்பு எதுவும் கூடாது. முதல் பக்கத்தில் குழந்தையின் விவரம் போட்டிருந்தார்கள். தகப்பன் பெயர் என்ற இடத்தில், எழுத்துப் பிழை இல்லாமல், அவர் பெயர் இருந்தது.