மூக்குக் குழாய்க் கஞ்சி

எடை மெஷின் நாற்பத்து நாலு என்று காட்டியது. அம்சவல்லி குனிந்து இன்னொரு தரம் பார்த்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் ஐம்பத்திரண்டு கிலோ இருந்த மனுஷன். ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போகும்போதுகூட நாற்பத்தெட்டு இருந்தான். வீட்டில் இருந்த இருபது நாளில் நாலு கிலோ எங்கே போயிற்று?

அவள் புருஷன் விருத்தகிரி விருத்தாசலம் ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டியவன். பதினைந்து வருஷம் இடது கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டே ஓட்டினான். இப்போது அந்தக் கன்னமும் பாதித் தாடையும் நாக்கில் ஒரு பக்கமும் இல்லை. தொடைச் சதையை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். வாயால் ஒரு சொட்டு இறங்காது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில்தான் சோறு, தண்ணி, மாத்திரை எல்லாம். பேச்சுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு வழி சொல்லும் பூங்கோதை மேடம் சீட்டைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், பிறகு அம்சவல்லியைப் பார்த்தாள். அந்தப் பார்வையே சரியில்லை.

"என்னம்மா குடுக்குறீங்க?"

"நீங்க எழுதிக் குடுத்தது அத்தனையும்தாங்க. சத்துமாவு, பாசிப்பருப்பு, அவிச்ச முட்டை, நல்லெண்ணெய். ரெண்டு மணிக்கு ஒருக்கா, எரநூறு மில்லி."

"அவ்வளவும் உள்ள போனா எடை ஏறணும். எறங்காது."

மேடம் குரலை உயர்த்தவில்லை. அடுத்த வியாழக்கிழமை கரண்ட், அதாவது புற்றுநோய்க்கான கதிர்வீச்சு, வைக்க ஆரம்பிக்க வேண்டும், ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்லது என்றாள். கரண்ட் வைக்கும்போது தலை அசையாமலிருக்க அவன் முகத்துக்கு அச்செடுத்து வலை மாதிரி ஒரு முகமூடி அன்றுதான் செய்திருந்தார்கள்.

"இன்னும் இளைச்சா கன்னம் ஒட்டிப்போயிடும். முகமூடி ஆடும். மறுபடி அச்செடுத்து, கணக்குப் போட்டு, எல்லாம் தள்ளிப்போகும். தள்ளிப்போறது நல்லதில்லம்மா. எட்டு நாள் இருக்குது. எப்படிக் குடுக்குறீங்கன்னு ஒரு வேளைக்கு போன்ல படம் புடிச்சு அனுப்புங்க. கஞ்சி கலக்குறதுலேர்ந்து எடுக்கணும்."

அதாவது பொய் சொல்கிறாய் என்று அர்த்தம்! அம்சவல்லிக்குக் காது மடல் சுட்டது.

போதாக்குறைக்குக் கூட வந்திருந்த நாத்தனார் கமலம் பஸ்ஸில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டாள். "வூட்டுல நீ ஒருத்திதான் இருக்குற. குடுத்தியா, குடுக்கலியான்னு ஆரு கண்டா?"

"நான் கொல்லப் பாக்குறேன்னு சொல்றீங்களா, அண்ணி?"

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்? எந்தம்பி எலும்பாப் போறான். கேக்கக்கூடாதா?"

"கேளுங்க. நாளைக்கு நீங்களே வந்து ஒக்காந்து படம் புடிங்க. நான் கஞ்சி ஊத்துறத ஊரே பாக்கட்டும்."

ஜன்னலோரம் விருத்தகிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். நெய்வேலி வரும்வரை அம்சவல்லி அழாமல் இருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. ஊர் வரும்வரை முந்தானைக்குள் அழுதாள்.

மறுநாள் காலை கமலம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். போனைத் தூக்கிப் பிடித்தாள். அம்சவல்லி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். மாவை வேகவைத்தாள். பருப்பையும் முட்டையையும் மிக்ஸியில் அடித்துச் சேர்த்தாள். எண்ணெய் ஊற்றினாள். பிறகு பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துப் பாத்திரத்தின் வாயில் கட்டி, கஞ்சியை ஊற்றி வடித்தாள். வடித்ததை மறுபடி வடித்தாள். மூன்றாம் முறையும் வடித்தாள்.

வடிகட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சும்மா சொல்லவில்லை. பதினோரு வருஷமாகச் செராமிக் கம்பெனியில் அச்சுக்கு மண் ஊற்றுகிறாள். பால் மாதிரி கரைத்த களிமண்ணை மெல்லிய சல்லடையில் திரும்பத் திரும்ப வடித்தால்தான் கப்பு கரடில்லாமல் வரும். ஒரே ஒரு மணல் தங்கிவிட்டால் சூளையில் அந்த இடம் புள்ளி விழும், இல்லையென்றால் வெடிக்கும். அம்சவல்லி வடித்த மண்ணில் கரடு இருந்ததாக இதுவரை எவனும் சொன்னதில்லை. மேஸ்திரியே புது ஆட்களை அவளிடம்தான் அனுப்புவார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் குழாய் அடைத்துக்கொண்டதே, அதை அவளால் மறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடி, பழையதை உருவிப் புதுக் குழாயைச் செருகும்போது மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கத்துவதற்கு வாயில்லாத மனுஷன் கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் விரலெல்லாம் வெளுத்துப்போயிற்று. இனி ஒரு திப்பிகூட அந்தக் குழாயில் போகக்கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

படம் போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிஷம் மேடத்திடமிருந்து போன் வந்தது.

"அம்சவல்லி, துணியில நின்னதே, அத என்ன பண்ணுவீங்க?"

"அது வெறும் கப்பிங்க மேடம். கொல்லையில கொட்டிடுவேன்."

மேடம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"கப்பி இல்லம்மா அது. முட்டை, பருப்பு, மாவு எல்லாம் அந்தத் துணியிலதான் நிக்குது. அவருக்குப் போறது வெறும் தண்ணி."

அம்சவல்லி துணியைப் பிரித்தாள். உள்ளே கெட்டியாக, மஞ்சளாக, ஒரு உருண்டை. கையில் எடுத்தாள். இதமான சூடு. பதினேழு நாள், நாளைக்கு எட்டு வேளை. அவ்வளவும் கொல்லையில் கோழிக்குப் போயிருக்கிறது. "ஐயையோ, பாவி, என் கையாலேயே பட்டினி போட்டுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஏசுவதற்கு வந்த கமலம் எழுந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மேடம் திட்டவில்லை. மாவை மில்லில் ரெண்டு தடவை ஓட்டச் சொன்னாள். டீ வடிகட்டியில் ஒரு முறை வடித்தால் போதும். முன்னும் பின்னும் வெந்நீர். கஞ்சி ஊற்றும் ஊசிக்குழலை, அதுதான் சிரிஞ்சை, அமுக்கக்கூடாது, தூக்கிப் பிடித்தால் தானாக இறங்கும். காய்ந்த வயிறு, அதனால் முதல் ரெண்டு நாள் பாதி அளவுதான்.

சொல்வது சுலபம். அன்று மத்தியானம் கெட்டிக் கஞ்சியை ஊற்றி ஊசிக்குழலைத் தூக்கிப் பிடித்தபோது அம்சவல்லி குழலின் மட்டத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கொஞ்சம் இறங்கியது. பிறகு நின்றுவிட்டது.

"அடைச்சிக்கிச்சிடி! அமுக்கு!" என்றாள் கமலம்.

"அமுக்கக்கூடாது அண்ணி!"

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போன் போடு!"

விருத்தகிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி உருவல், மறுபடி ரத்தம் என்று அவன் கண்ணிலும் அதே பயம். வடித்த கஞ்சியே மேல் என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். வெந்நீரைக் கொஞ்சம் ஊற்றி, கையை இன்னும் ஒரு சாண் உயர்த்தி, அசையாமல் நின்றாள். பழமலைநாதா, பழமலைநாதா என்று வாய் ஊர்ச் சாமியைக் கூப்பிட்டது. தோள் கடுத்தது. மட்டம் மயிரிழை இறங்கியது. அப்புறம் இன்னும் கொஞ்சம். பிறகு மெதுவாக, நிற்காமல், அடிவரை இறங்கியது. கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை எடை நாற்பத்து நாலரை. அரை கிலோதான் ஏறியிருந்தது. அவனை உள்ளே கூட்டிப்போய்க் கதவை மூடிவிட்டார்கள். அம்சவல்லிக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. முகமூடி ஆடினால் என் கைதான் காரணம், அவனுக்கு ஏதாவது ஆனால் என் கைதான் காரணம். அரை மணி கழித்துக் கதவு திறந்தது.

"முகமூடி கரெக்டா ஒக்காந்திருக்குது. கரண்ட் வெச்சாச்சு. நாளைக்கு இதே நேரம் வாங்க," என்று உள்ளிருந்து வந்த தம்பி சொல்லிவிட்டுப் போனான்.

விருத்தகிரி நெற்றியெல்லாம் வலைத் தடத்தோடு வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு வாரமாக மனசில் முள்ளாக நின்றதை அவள் அப்போதுதான் கேட்டாள்.

"ஏங்க, அத்தினி நாளும் ஒங்களுக்குப் பசிக்கலியா?"

அவன் நோட்டை எடுத்தான். வெகுநேரம் எழுதினான்.

"பசி உயிர் போச்சு. நீ துணி கட்டி மூணு தரம் வடிக்கிறத தினமும் பாத்தேன். உக்காரக்கூட இல்ல நீ. பத்தலைன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

அம்சவல்லி ரெண்டு தரம் படித்தாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யோவ், லூசாய்யா நீ? சாவுற வரைக்கும் மரியாதி பாப்பியா? பசின்னா பசின்னு எழுதுய்யா! என்னத் திட்டி எழுது!"

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கமலம் "மெதுவாடி" என்றாள். விருத்தகிரி பேனாவைத் திறந்து, பக்கம் முழுக்க ஒரே வார்த்தையைக் கொட்டை எழுத்தில் எழுதி அவள் பக்கம் திருப்பினான்.

"பசி."

அவள் மூக்கைச் சிந்திவிட்டு, கூடையிலிருந்த கஞ்சிப் பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள்.