நாயில்லாதவர் கையில் ஒரு சங்கிலி

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. அந்தப் பக்கம் காற்று அடிக்கிறது, இப்படி என் பக்கம் உட்காருங்கள். நாயே இல்லாமல் நாயைத் தொலைத்த ஒருவரின் கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவர் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, பூங்காவை ஒட்டிய தெரு ஒன்றில் மகன் அவருக்கு வீடு பிடித்துக் கொடுத்தான். நல்ல காற்று, நல்ல மரம், அமைதி என்றான். அமைதிக்கு ஒரு குறையும் இல்லை. வேலிச்செடிகளெல்லாம் ஒரே மட்டத்துக்கு வெட்டியிருக்கும். எல்லாச் சன்னலிலும் திரை தொங்கும். புல் வெட்டும் மெஷின் ஓடினால்தான் வீட்டுக்குள் ஆள் இருப்பதே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்வான். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று மரியாதையாக விசாரிப்பான். மனைவி இருந்தவரை கிரீஸ் கையோடு கதவைத் தொட்டதற்கு, ஈரத் துண்டை நாற்காலியில் போட்டதற்கு என்று அவருக்குத் திட்டு விழாத நாளில்லை. இப்போது துண்டு நாற்காலியிலேயே கிடந்து காய்கிறது. ஏனென்று கேட்க ஆளில்லை.

சாயங்காலம் பூங்காவில் குளத்தோரம் போய் உட்காருவார். நாய் வைத்திருப்பவர்கள் அங்கே நின்று நின்று பேசுவார்கள். ஆனால் பேரெல்லாம் நாய்களுக்குத்தான். மனிதர்கள் வெறும் சடைநாய்க்காரர், இரட்டைநாய் அம்மா. நாயில்லாத ஆள் என்றால் பெஞ்சோடு பெஞ்சாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒருநாள் பெஞ்சுக்கு அடியில் யாரோ விட்டுப்போன நாய்ச்சங்கிலி கிடந்தது. வேலியில் மாட்டிவைத்தால் உரியவர் கண்ணில் படுமே என்று எடுத்துக்கொண்டு நடந்தார். எதிரே வந்த இரட்டைநாய் அம்மா சங்கிலியைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், நின்றுவிட்டார்.

"அடடா, நாய் ஓடிடுச்சாங்க?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்தத் தெருவுக்கு வந்த பிறகு முகம் பார்த்து அவரிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. ஆமாம் என்று வந்துவிட்டது. என்ன நிறம் என்று அந்த அம்மா கேட்க, குனிந்து தன் செருப்பைப் பார்த்து, பழுப்பு என்றார். அடையாளம் கேட்டதற்கு, ஒரு காது மடிந்திருக்கும் என்றார்.

மறுநாள் தெருவே அவரை நிறுத்தி விசாரித்தது. மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் கட்டிக்கொண்டே துப்புக் கேட்டார். சடைநாய்க்காரர் புதர் புதராகக் குனிந்து பார்த்தார். நாய் வந்தால் கொடுக்கச் சொல்லி யாரோ வாசலில் பிஸ்கட் பொட்டலம் வைத்துவிட்டுப் போனார்கள். அதை டீயில் தொட்டு இவரே தின்றார்.

அவருக்கு இது தெரிந்த சங்கதிதான். ஒரே லிப்டில் வருஷக்கணக்காக ஏறி இறங்குகிறவர்கள்கூடக் கதவைப் பார்த்தபடியேதான் நிற்பார்கள். நடுவழியில் லிப்ட் நின்றுபோனால்தான் பேச்சு வரும். இவர் போய்த் திறக்கும்போது உள்ளே கல்யாணக் கதை, சம்பந்தி கதையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். இந்தத் தெருவும் இப்போது அப்படித்தான் நின்றிருந்தது. அதை மறுபடி ஓட வைக்க அவருக்கு மனம் வரவில்லை. தினமும் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

அப்படியிருக்க, ஒரு காலையில் வாசலில் கூட்டம். இரட்டைநாய் அம்மா ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பழுப்பு நிறம், மடிந்த காது. குளத்துக்கு அப்பால் முள்ளுக்குள் பதுங்கியிருந்ததாம். நாய் மெல்ல வந்து அவர் கையை மோந்தது. கையெல்லாம் பிஸ்கட் வாசனை. அப்படியே அவர் பாதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது.

"பாத்தீங்களா, மறக்கல" என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்தார். அதற்குமேல் எப்படி இல்லை என்பது?

நாய் கிடைத்ததும் லிப்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. கேட்பதற்குக் கேள்வியில்லாமல் எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். போகட்டும், அவருக்குத்தான் நாய் இருக்கிறதே. சமையலறை வாசலில் படுத்துக்கொண்டு, அவர் நடக்கும் பக்கமெல்லாம் கண்ணைத் திருப்பிற்று. ஈரத் துண்டை இழுத்துக் கீழே போட்டது. அவர் அதைத் திட்டினார். வீட்டில் ஒரு குரல் கேட்டது, அது அவருடைய குரலாகவே இருந்தாலும்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம், பூங்காவிலிருந்து யாரோ கூப்பிடுவது கேட்டது. "தம்பி... டேய் தம்பி..." நாயின் மடிந்த காது நிமிர்ந்தது. இவர் எழுந்து சன்னலைச் சாத்தினார். நாய் கதவடிக்குப் போய் இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு முனகிற்று.

சாத்தின சன்னலைத் தாண்டியும் அந்தக் குரல் வந்தது. நின்றுபோன லிப்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிற குரலை அவர் ஆயுசுக்கும் கேட்டவர். முதலில் அதட்டும், பிறகு கெஞ்சும், அப்புறம் சும்மா கூப்பிடும், யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும். இந்தக் குரல் அந்தக் கடைசிக் கட்டத்தில் இருந்தது. அதைக் கேட்டுவிட்டு நடந்து போனவர் இல்லை அவர். சங்கிலியை மாட்டினார்.

குளத்தோரம் ஒரு பெரியவர், மணிக்கட்டிலிருந்த ஆஸ்பத்திரிப் பட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். இவர் சங்கிலியை விட்டதும் நாய் பாய்ந்தது. பெரியவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தம்பி, அதுதான் நாயின் பேர், வீட்டை விட்டு ஓடிவிட்டது என்று அழுதுகொண்டே சொன்னார். நடக்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள். இரட்டைநாய் அம்மாவும் இருந்தார்.

"இது என் நாய் இல்லீங்க" என்றார் மெக்கானிக். "எனக்கு நாயே கிடையாது. எப்பவும் கிடையாது."

அந்த அம்மா தன் இரண்டு நாய்களையும் இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். சங்கிலியைப் பெரியவரிடமே விட்டுவிட்டு இவர் வீடு திரும்பினார். சன்னலைத் திறந்துவைத்தார். பிறகு ஏன் திறந்தோம் என்று சாத்தினார்.

மறுநாள் வெறுங்கையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் இரட்டைநாய் அம்மா வந்து நேர் எதிரே நின்றார்.

"முள்ளுக்குள்ள தவழ்ந்து போனேன் நான். முழங்கால் பாருங்க. புது ஸ்வெட்டர், நூல் நூலா போச்சு. இந்த வயசுல பொய் சொல்றீங்களே, வெக்கமா இல்ல? பேசணும்னா பேச்சுக் குடுக்க வேண்டியதுதானே, வாயில என்ன கொழுக்கட்டையா?"

இன்னும் என்னென்னவோ சொன்னார். இவர் ஒரு வார்த்தை குறுக்கிடாமல், தலைகுனிந்து, முழுவதையும் வாங்கிக்கொண்டார். மனைவி போன பிறகு அவருக்கு விழுந்த முதல் திட்டு அது. சீக்கிரம் முடிந்துவிடுமோ என்றுதான் பயமாக இருந்தது.

முடிந்தது. "கொஞ்சம் பிடிங்க" என்று இரண்டு சங்கிலியையும் அவர் கையில் திணித்துவிட்டு, குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார். கட்டி முடித்ததும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாளைக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கையில் சங்கிலி அழுத்திய தடம் மறையும்வரை இவர் அங்கேயே இருந்தார்.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்திருங்கள், நேரமாயிற்று. உங்கள் வீட்டில் ஈரத் துண்டுக்குத் திட்டுகிற வாய் நீண்ட ஆயுசோடு இருக்கட்டும். நீங்கள் கூப்பிட்டால் எந்தச் சன்னலும் சாத்திக்கொள்ளாமல் இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வந்தவர் யாரும் பேச்சில்லாமல் திரும்பாதிருக்கட்டும்.