நூற்றிருபதில் ஒட்டிய கறுப்பு டேப்

என்னிடம் பேஸுக்கென்றே, அதாவது அடிச்சத்தத்துக்கென்றே, இரண்டு சப் ஸ்பீக்கர் பெட்டிகள் இருக்கின்றன. பேஸ் எந்த அளவுவரை ஏறலாம் என்று வைக்கும் குமிழ் அவற்றின் பின்னால் இருக்கும். அதை நூற்றிருபது ஹெர்ட்ஸில் நிறுத்தி, யாரும் தொடாதபடி கறுப்பு டேப் ஒட்டி ஏழு வருடம் ஆகிறது. எங்கள் நியாலாஸ் ஊர்ப் பக்கத்து எஸ்டேட் ஆட்களுக்குச் சத்தம் நல்லதா கெட்டதா என்று காது சொல்லாது, மண்டபத்துத் தகரக் கூரைதான் சொல்லும். உறுமி அடிக்கும்போது கூரை அதிர்ந்தால், மைக்செட் போடும் இந்த ஜோனாஸ் கெட்டிக்காரன். அதிராவிட்டால், "என்னலா, ஸ்பீக்கரு இன்னும் பசியாறலையா?" என்பார்கள்.

பமேலாவின் கல்யாண விருந்து அந்த மண்டபத்தில்தான், சனிக்கிழமை மதியம். அவள் அப்பா சின்னப்பனுக்குப் போன வருடம் தொண்டையில் ஆபரேஷன். பிழைத்ததே பெரிது. குரல் மட்டும் காற்றும் கரகரப்புமாக மிஞ்சியது. வீட்டிலும் கடையிலும் அவர் முனகுவதை மனைவி கேத்லீன்தான் காதில் வாங்கி உரக்கத் திருப்பிச் சொல்வார். விருந்திலும் அப்படியே சொல்வதாக ஏற்பாடு. பமேலா ஒத்துக்கொள்ளவில்லை.

"அம்மா சொன்னா அது அம்மா பேச்சு, ஜோனாஸண்ணே. எனக்கு அப்பா பேசணும். முடியுமா, முடியாதா?"

"முடியும்லா. என் சிஸ்டம் அப்படி," என்றேன்.

காலையில் சின்னப்பனைக் கூட்டிவந்து பேசவைத்துப் பார்த்தேன். வந்தது வெறும் உறுமல், ஒரு சொல்லும் புரியவில்லை. மைக் சரியில்லை என்று மாற்றினேன். அதே உறுமல். மண்டபம் சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவள் எனக்குச் சொந்தக்காரியாகத்தான் இருக்க வேண்டும். சின்னப்பன் கோபப்படவில்லை. மைக்கை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"பரவால்ல தம்பி, நானே சொல்லிடுறேன்," என்றார் கேத்லீன் ஆண்ட்டி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து யோசித்தேன். சப்புக்கு மேலே குரலுக்கென்று வைத்த மேல் ஸ்பீக்கர்கள் அடிச்சத்தத்தையும் சேர்த்தே பாடிக்கொண்டிருந்தன. சப்பும் நூற்றிருபதுவரை ஏறி அதையே பாடியது. சின்னப்பன் குரல் மெலிசு என்று மைக்கை நான் ஏற்ற ஏற்ற, மூச்சுக்காற்று அந்த இரட்டை பேஸில் விழுந்து சொல்லை மூடியது. இதைத்தான் ஏழு வருடம் சிஸ்டம் என்று பீற்றிக்கொண்டிருந்தேன்.

டேப்பை உரித்தேன். குமிழை எண்பதுக்கு இறக்கினேன். மேல் ஸ்பீக்கர்களின் சுவிட்சைத் தட்டி, எண்பதுக்குக் கீழே அவை வாயைத் திறக்காதபடி செய்தேன். மைக்கிலும் அடிச்சத்தத்தை வெட்டினேன். ஒரு பாட்டுப் போட்டுப் பார்த்தேன். கூரை அசையவில்லை.

மாப்பிள்ளையின் மாமா சுகுமாரன் வாசலிலிருந்தே, "ஜோனாஸ், ஸ்பீக்கரு இன்னும் பசியாறலையா?" என்றார். கை தானாகக் குமிழுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு அதுக்கு விரதம், அங்கிள்."

அதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். சின்னப்பனை மறுபடி பேசவைத்துப் பார்க்க நேரமில்லை. "நீங்களே பேசுங்க அங்கிள்" என்று மட்டும் அவரிடம் சொன்னேன். உள்ளுக்குள் பயம்தான்.

ஒரு மணிக்கு அவர் மேடையேறினார். ஆண்ட்டியும் வழக்கம்போல் பக்கத்தில் போய் நின்று காதைச் சாய்த்தார்.

"பமேலா பொறந்து மொத அழுகை அழுதப்பவே தெரிஞ்சுபோச்சு," என்றார் சின்னப்பன், "இனிமே இந்த வீட்டுல வேற யாரும் பேச முடியாதுன்னு."

கரகரத்த குரல்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. திருப்பிச் சொல்ல ஆண்ட்டி வாயைத் திறந்தார். அதற்குள் மண்டபமே சிரித்துவிட்டது. கடைசி மேசையும் சிரித்தது. ஆண்ட்டி திறந்த வாயை மூடாமல் எல்லாரையும் பார்த்தார்.

"நீ போய் ஒக்காரு, கேத்லீன்," என்றார் சின்னப்பன், மைக்கிலேயே. "நானே பேசிக்கிறேன்."

ஆண்ட்டி இறங்கிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். ஒரு வருடத்தில் முதல் தடவையாக, புருஷன் பேசுவதைத் தூரத்தில் இருந்து கேட்டார்.