மரியநாயகம் ஏறிய கூரை

"நடுவிலை வையாதேங்கோ, தூணோரமாக் கொண்டு வாங்கோ," என்று கோயில் மூப்பர் சந்தியாப்பிள்ளை கையைக் காட்டினார்.

பிரேதப்பெட்டியின் தலைமாட்டைச் சுமந்து வந்த யோசெப் நின்றான். மழைக்காலத்தில் கோயிலின் நடுவில், பீடத்துக்கு நேர் முன்னால், எந்தப் பெட்டியையும் வைப்பதில்லை. அந்த இடத்தில் ஒழுகும். பதினைந்து வருஷமாகக் கொக்கிளாயில் மாரியில் செத்தவர்கள் எல்லாரும் தூணோரம் ஒதுங்கித்தான் கடைசிப் பூசை கண்டார்கள்.

"நடுவிலையே வைப்பம்," என்றான் யோசெப்.

"வானம் இருட்டிக்கொண்டு வருது, தம்பி."

"வரட்டும்."

மூப்பர் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கத்தான் செய்வார். இந்தக் கோயிலை இடித்துவிட்டுத் தட்டைக் கூரையோடு புதிதாய் ஒன்று கட்டவேண்டும் என்று ஆயர் மேற்றிராணியாருக்கு எழுதிய கடிதத்தில் முதல் கையெழுத்து யோசெப்பினுடையது. போன ஞாயிறு கூட்டத்தில், "உள்ளுக்கையும் குடை பிடிக்கிற கோயில் எங்களுக்கு என்னத்துக்கு?" என்று அவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அவன் தகப்பன் மரியநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாள், வள்ளத்துக்குப் பூசுகிற குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி எடுத்துக்கொண்டு, ஓட்டை அடைக்கத் தும்பும் கொண்டு, அறுபத்தெட்டு வயதில் கோயில் கூரையில் ஏறினார். நாலு நாள் ஏறினார். வியாழக்கிழமை இறங்கும்போது ஏணி சரிந்தது. விழுந்த அப்புதான் இன்று பெட்டிக்குள்.

வேலையை முடித்துவிட்டு இறங்கினாரா, பாதியில் இறங்கினாரா என்று எவருக்கும் தெரியாது. அதன்பிறகு மழையும் இல்லை. தன் வாய்தான் அப்புவை மேலே ஏற்றியது என்ற நினைப்பு இரண்டு நாளாய் யோசெப்பைத் தின்றது. அவர் ஏறியதும் வீண் என்றாகிவிட்டால் அவனால் தாங்க முடியாது.

பெட்டியை நடுவில் வைத்தார்கள். பூசை தொடங்கியது. பூசை வைத்த சுவாமியின் லத்தீன் அவனுக்கு விளங்காது. அண்ணாந்து பார்த்தான்.

பிறந்த நாள் முதல் வந்துபோகும் கோயில். நிமிர்ந்து பார்த்தது இன்றுதான். பிரான்சிலிருந்து வந்த ஒரு சுவாமி ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பதில் அத்திவாரம் போட்டு, பதினொரு வருஷம் கட்டியது. கடலையொட்டிய களப்பில் சிப்பி அள்ளிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியது இந்த ஊர்ச் சனம். காட்டுப் பாலைமரம் மாட்டுவண்டியில் வந்தது. தூண்களிலிருந்து கிளம்பிய வளைவுகள் இரண்டு பக்கமும் ஏறி, உச்சியில் கூராய்ச் சந்தித்து, ஒன்றையொன்று தாங்கி நின்றன. அதற்கு மேலே, கவிழ்த்துவைத்த வள்ளம் போலக் கூரை. பீடத்துக்குப் பின்னால் ஒடுங்கி உயர்ந்த மூன்று சாளரங்கள். அவற்றின் நீலக் கண்ணாடி வெளிச்சம் அப்புவின் கால்மாட்டில் விழுந்தது. மீன் பிடிக்கிற சனம் இதைக் கட்டியிருக்கிறது. இதை இடிக்கவா கையெழுத்துப் போட்டோம் என்று அவனுக்கு வெட்கமாயிருந்தது.

மழை பிடித்தது. ஓட்டில் விழுந்த இரைச்சலில் சுவாமியின் குரல் அமுங்கிப்போயிற்று. கோயில் முழுவதும் ஒருமிக்க மேலே பார்த்தது.

தாய் நேசமலர் அவன் பக்கம் சாய்ந்தாள். "ஒழுகிற இடத்திலை ஓடு மாத்தி மாத்தி என்ன பிரயோசனம் எண்டு அப்பு கேட்டவர். வள்ளத்திலை தண்ணி ஒரு இடத்திலை நிக்கும், ஓட்டை வேறை இடத்திலை இருக்கும் எண்டார். கோபுரம் கூரையோடை முட்டுற மூலையாலை இறங்கி, மரம் வழிய ஓடி வந்துதான் நடுவிலை சொட்டுதாம்."

"எனக்குச் சொல்லேல்லை."

"நீ எப்ப கேட்டனீ?"

மழை வலுத்தது. மூப்பர் பழக்கதோஷத்தில் ஒரு வாளியைத் தூக்கி வந்து, பிரேதப்பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பது முறையோ என்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றார். யோசெப் பெட்டியின் மேல் உள்ளங்கையை விரித்துப் பிடித்தான். மணி அடித்தது. எல்லாரும் முழந்தாளிட்டார்கள். அவனும் முழந்தாளிட்டான், கையை எடுக்கவில்லை. கை விறைத்தது. ஒரு துளி விழவில்லை.

பூசை முடிந்தது. புதைக்கிற சேமக்காலை கடற்கரையோரமாய்க் கால் மைல். சுவாமி தூபம் காட்டி முடித்து, வாசலை எட்டிப் பார்த்தார்.

"என்ன யோசெப், தூக்குவமோ?"

"மழை விடட்டும் சுவாமி," என்றான் அவன். "இஞ்சை அப்பு நனையமாட்டார்."

மூப்பர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் குந்தினார்.