அவர் நித்திரை கொள்ளட்டும்

செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்குக் கிறகரியின் டாக்சி ரொக்ஸ்பரோ பூங்காவின் ஓரத்தில் வந்து நிற்கும். பின்கதவு திறக்கும். பதினொரு வயது ஷெரோன், மட்டையும் தோல் கையுறையும் திணித்த நீளப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குவாள். முன் ஆசனம் முழுவதும் கிறகரியின் சாப்பாட்டுப் பெட்டியும் குளிர்ச்சட்டையும் பற்றுச்சீட்டுக் கட்டுகளும் பரவிக் கிடப்பதால் அவள் எப்போதும் பின்னால்தான் இருப்பாள்.

"போட்டு வாறன் பப்பா."

"கவனம் பிள்ளை."

அவள் புல்வெளியைக் கடந்து மைதானத்தின் கம்பி வேலியை அடையும் முன்பே கிறகரி ஆசனத்தைப் பின்னுக்குச் சாய்த்துக் கண்களை மூடிவிடுவார்.

அதிகாலை நான்கு மணிக்கு எழும்புகிற உடம்பு அது. டோர்வால் விமான நிலையத்தில் வரிசையில் கிடந்து, நகரத்துக்கும் விமான நிலையத்துக்குமாகப் பகல் முழுவதும் ஓடி, மாலையில் மகளை இறக்கிவிட்டு இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தால்தான் இரவில் இன்னொரு ஓட்டம் ஓடலாம். ஜூன் மாத வெயில் எட்டரை மணி வரைக்கும் இறங்காது. பொப்லர் மரங்களின் பஞ்சு வெள்ளை வெள்ளையாகப் பறந்து கண்ணாடியில் ஒட்டும். பாதி மூடிய இமைக்குள்ளால் பார்த்தால் கோடையில் பனி பெய்வது போலிருக்கும். மட்டையில் பந்து படுகிற சத்தம், பிள்ளைகளின் கூச்சல், தூரத்தில் ரயிலின் ஊதல் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து அவருடைய நித்திரைக்குள் வரும். கனவில் மகள் வளர்ந்து பெரியவளாகி, வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நீளமான நடைபாதையில் போவாள். பின்னால் நின்று கூப்பிடுவார். திரும்பிப் பார்க்கும் நேரத்தில் யாரோ கைதட்டுவார்கள். அவர் புரண்டு படுப்பார். யாருக்காகக் கைதட்டினார்கள் என்று அவர் எழும்பிப் பார்த்ததில்லை.

அந்த 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம்தான் ஷெரோன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தாள். வட்டாரத்துப் பிள்ளைகளுக்கான பேஸ்பால், சொஃப்ட்பால் சங்கம். பொடியன்களுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. கிறகரி மன்னாரில் கிரிக்கெட் ஆடியவர். இந்த விளையாட்டு அவருக்குத் தலையும் விளங்காது, காலும் விளங்காது. மனைவி அக்னெஸ் கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் பின்னேர வேலை செய்பவள். அவள்தான் கேட்டாள்.

"ஆர் கூட்டிக்கொண்டு போறது? நான் வர இரவு பத்தாகும்."

"நான் விடுறன். மற்றப் பிள்ளையளுக்கு இருக்கிறதெல்லாம் அவளுக்கும் இருக்க வேணும்" என்றார் கிறகரி.

சொன்னபடி செய்தார். அணியிலேயே நல்ல கையுறை ஷெரோனுடையதுதான். சனிக்கிழமைப் பதிவுக்குப் போனபோது மேசைக்குப் பின்னால் நின்றவர்கள் ஏதோ கேட்டார்கள். வெளியே டாக்சியை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்ததால் கையெழுத்தை வைத்துவிட்டு ஓடிவந்தார். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர்களையும், தண்ணீர் சுமக்கிறவர்களையும், புள்ளி எழுதுகிறவர்களையும் நகரசபையின் சம்பளக்காரர்கள் என்றே அவர் நெடுநாள் நினைத்திருந்தார். அவர்கள் எல்லாரும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் என்பது அவருக்குத் தெரியாது.

முதல் வாரங்களில் ஷெரோன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கதைத்தாள்.

"பப்பா, இண்டைக்கு நான் ரெண்டாவது பேஸ் வரைக்கும் ஓடினனான்."

"ஆ, கெட்டிக்காரி" என்பார் கிறகரி. காது அழைப்பு ரேடியோவில் இருக்கும்.

"ரெண்டாவது பேஸ் எண்டா என்னெண்டு தெரியுமா?"

"பேந்து சொல்லு பிள்ளை. ஒரு ஓட்டம் வருது."

ஜூலை வந்தபோது அவள் சொல்வதை நிறுத்தியிருந்தாள். கண்ணாடிப் பக்கம் தலையைச் சாய்த்து, ஓடுகிற மரங்களைப் பார்த்துக்கொண்டு வருவாள். பிள்ளை வளர்கிறாள், வாய் அடங்குகிறது என்று கிறகரி நினைத்துக்கொண்டார். அதில் அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

ஜூலை கடைசி வியாழக்கிழமை. யாரோ கார்க் கண்ணாடியை விரலால் தட்டினார்கள். கிறகரி திடுக்கிட்டு எழும்பினார். வெயிலில் சிவந்த கைகளும் நரைத்த குட்டை முடியுமாக ஒரு பெண் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அணியின் பொறுப்பாளர் தெனீஸ் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். ஒரு பல் வைத்தியரின் அலுவலகத்தில் வேலை. சொந்தப் பெண்கள் இருவரும் விளையாடி வளர்ந்து போன பிறகும் இந்த அணியை விட மனமில்லாதவர்.

"மன்னிக்க வேண்டும் மிஸ்யூ" என்று பிரெஞ்சில் தொடங்கினார். "சனிக்கிழமை லொங்குய்யில் போட்டி. ஷெரோனை நீங்கள்தான் கூட்டிவருவீர்களா, வேறு டிரைவரா?"

கிறகரிக்கு நித்திரை இன்னும் கலையவில்லை. "நான்தான்" என்றார்.

"நல்லது. இந்தத் தாளை அவளுடைய வீட்டில் கொடுத்துவிடுங்கள். தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் அவர்களை ஒரு நாளும் கண்டதில்லை. தொலைபேசி எடுத்தாலும் யாரும் இல்லை." தெனீஸ் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். "போன மாதம் பந்து பட்டு அவளுடைய மணிக்கட்டு வீங்கிப் போனதே, அன்றைக்கும் எடுத்தேன். உங்களையாவது எழுப்பலாம் என்று வந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. 'அவர் விடிய நாலு மணியிலிருந்து வேலை செய்கிறார், நித்திரை கொள்ளட்டும்' என்றாள். ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு ஆட்டம் முடியும்வரை என் பக்கத்தில் பேசாமல் இருந்தாள். அப்படி ஒரு பிள்ளை. அவளுடைய வீட்டாரிடம் சொல்லுங்கள்."

பிரெஞ்சு கிறகரிக்கு நன்றாகவே விளங்கும். பதினான்கு வருடம் அந்தப் பாஷையில் வண்டி ஓட்டியவர். ஆனாலும் கடைசி வசனங்கள் ஒவ்வொன்றாக, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல வந்தன. நான்தான் அந்தத் தகப்பன் என்று சொல்ல வாய் வரவில்லை. தாளை வாங்கினார்.

"சரி மதாம். சொல்கிறேன்."

தெனீஸ் நன்றி சொல்லிவிட்டு நடந்தார். கிறகரி அதற்குப் பிறகு சாயவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், மஞ்சள் வெளிச்சத்துக்குள், ஒரே நிறச் சட்டை போட்ட பன்னிரண்டு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதில் எது தன்னுடையது என்று கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

ஷெரோன் வந்து பின்னால் ஏறினாள். கிறகரி வண்டியை எடுக்கவில்லை. ரேடியோவை நிறுத்தினார்.

"பிள்ளை, அவை என்னை ஆரெண்டு நினைச்சிருக்கினம்?"

அவள் கையுறையின் தோல் நாடாவை இழுத்துக்கொண்டிருந்தாள். "டாக்சிக்காரர்."

"நீ சொன்னியா?"

"நான் சொல்லேல்லை. அவையே கேட்டவை. நான் ஓம் எண்டன்." நாடாவை முடிச்சுப் போட்டாள். "பப்பா எண்டு சொன்னா, அப்ப ஏன் இறங்கி வாறேல்லை எண்டு கேப்பினம். டாக்சிக்காரர் எண்டா ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

அவளுடைய குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் கிறகரிக்கு அதட்டவாவது வழி இருந்திருக்கும். அவள் அவரைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியிருக்கிறாள். இரண்டு மாதமாக, வாரம் இரண்டு தரம்.

"கை இன்னும் நோகுதோ?"

"இல்லை. அது எப்பவோ மாறிட்டுது."

மறுநாள் காலை, அக்னெஸ் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கிறகரி தாளை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். அக்னெஸ் கேத்திலைக் கீழே வைத்தாள்.

"என்னட்டைக் கட்டிலால விழுந்து கை வீங்கினது எண்டவள். நானும் வேலைக்குப் போற அவசரத்தில மருந்தைப் பூசிவிட்டுப் போட்டன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவளுக்கு ஒரு குறையும் வைக்கேல்லை எண்டுதானப்பா நாங்கள் நினைச்சம்."

"நீர் அழாதையும். நாளைக்கு நான் ஓடேல்லை."

"சனிக்கிழமையோ? கோடையில ஆரும் சனிக்கிழமை ஓட்டத்தை விடுவினமோ?"

"விடுறன்."

சனிக்கிழமை அவர் முன் ஆசனத்தில் கிடந்த சாமான்களையெல்லாம் அள்ளிக் காரின் பின்பெட்டிக்குள் போட்டார். ஷெரோன் வழக்கம்போலப் பின்கதவில் கை வைத்தாள்.

"முன்னால ஏறு."

பாலத்தில் ஏறும்போது ஆறு முழுவதும் வெயில் உடைந்து மிதந்தது. இருவரும் அதிகம் கதைக்கவில்லை. ஆனால் கிறகரி கேட்டார், "ரெண்டாவது பேஸ் எண்டா என்ன?" அவள் அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு காரின் முன்தட்டில் விரலால் ஒரு சதுரம் வரைந்து, ஓடித் தொட வேண்டிய மூலைகளைக் காட்டிச் சொல்லத் தொடங்கினாள். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. லொங்குய் போய்ச் சேரும்வரை முடியவில்லை.

மைதானத்தில் மரப்படிகளில் குடும்பங்கள் வந்து அமர்ந்திருந்தன. கிறகரி தோய்த்து மடித்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து படிகளின் கீழே நின்றார். கடக்க வேண்டிய தூரம் பத்து அடிதான். இருபது வருடத்துக்கு முன் கடலைக் கடந்தபோதுகூடக் கால் இப்படிக் கனக்கவில்லை.

தெனீஸ் அவரைக் கண்டு புன்னகைத்தார். "நீங்களும் பார்க்க வந்தீர்களா? கையெழுத்துக் கிடைத்ததா?"

கிறகரி தாளை நீட்டினார். "கையெழுத்து என்னுடையது, மதாம். நான் அவளுடைய தகப்பன். அன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது."

தெனீஸ் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சற்று நகர்ந்து இடம் விட்டார். கிறகரி அமர்ந்ததும் ஒரு பை தோடம்பழத்தையும் கத்தியையும் மடியில் வைத்தார். "பிள்ளைகளுக்கு வெட்ட வேண்டும். இன்றைக்கு ஆள் குறைவு."

கிறகரி வெட்டினார். வெட்டிக்கொண்டே பார்த்தார். பதினொரு வருடமாகத் தன் வீட்டில் வளர்ந்த பிள்ளை, மட்டையைத் தூக்குமுன் இடதுகாலால் மண்ணை இரண்டு தரம் தட்டுவாள் என்பதை அன்றைக்குத்தான் கண்டார். பயந்தால் உதட்டைக் கடிப்பாள். அணியில் மற்றொருத்தி பந்தைத் தவறவிட்டால் ஓடிப்போய் முதுகில் தட்டுவாள். இத்தனையும் அவர் கார்க் கண்ணாடிக்கு அப்பால், கைக்கெட்டும் தூரத்தில், அவருடைய நித்திரையின் வெளியே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஷெரோனின் முறை வந்தது. மூன்று பந்தும் மட்டையில் படவில்லை. ஆட்டமிழந்து திரும்பினாள். மூன்று தரமும் பலமாக வீசியதைக் கண்ட கிறகரி, ஏதோ நல்லது நடந்துவிட்டதென்று எழும்பி நின்று கைதட்டினார். படிகளில் அவர் ஒருவர்தான். ஷெரோன் நிமிர்ந்து பார்த்தாள். முதலில் வெட்கப்பட்டாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்திலிருந்த சிநேகிதி அது யார் என்று கேட்டிருக்க வேண்டும். ஷெரோன் பிரெஞ்சில் சொன்ன பதில் வேலியைத் தாண்டி வந்தது.

"அது என் அப்பா. அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நான் பழக்குகிறேன்."

அன்று அவர்களுடைய அணி மோசமாகத் தோற்றது. தோடம்பழம் ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்தக் கோடையின் மீதி நாட்களில் செவ்வாய், வியாழன் பின்னேரங்களில் கிறகரி மைதானத்தில் கோடு போட்டார். முதலில் கோணலாக, பிறகு நேராக. அக்னெஸ் வேலையிடத்தில் கெஞ்சி இரண்டு வியாழக்கிழமை மாற்றிக்கொண்டு வந்தாள். வீட்டில் சில செலவுகள் தள்ளிப் போயின. வீடு இடிந்து விழவில்லை.

அடுத்த மார்ச் மாதம், விமான நிலைய வரிசையில் பனி உருகிக் கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற டாக்சியிலிருந்து ஞானேந்திரன் இறங்கி வந்தார். கிறகரியைவிட மூத்தவர், இரண்டு பிள்ளைகள், வாரத்தில் ஏழு நாளும் ஓடுகிறவர்.

"கிறகரி, உந்தப் பந்தடிக்கிற சங்கத்தில என்ட சின்னவளும் சேர வேணுமாம். நல்ல இடமோ? கொண்டுபோய் விட்டிட்டு வந்தாப் பாத்துக்கொள்ளுவினமோ?"

"நல்லாப் பாத்துக்கொள்ளுவினம் அண்ணை. கை வீங்கினா ஐஸ் வைப்பினம், தண்ணி குடுப்பினம். நான் அப்பிடித்தான் விட்டனான்."

"அப்ப பிரச்சினை இல்லை. நாங்கள் ஆருக்காக ஓடுறம்? எல்லாம் பிள்ளையளுக்காகத்தானே."

கிறகரி அவருடைய சிவந்த கண்களைப் பார்த்தார். போன வருடம் கண்ணாடியில் பார்த்த கண்கள் அவை. அவர் மெதுவாகச் சொன்னார்.

"நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு ஓடினனான் அண்ணை. அவளுக்கு வேண்டிக் குடுக்காத சாமான் இல்லை. பிள்ளை என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை, நான் நித்திரையால எழும்ப வேணுமெண்டுகூடக் கேக்கேல்லை. பிள்ளையள் கேக்காம விடுறதுக்கு அவைக்கு ஒரு குறையும் இல்லையெண்டு அர்த்தமில்லை. நாங்கள் களைச்சுப்போனம் எண்டு அவை விட்டுக்குடுக்கினம். நாங்கள் உழைக்கிறது அவைக்குத்தான், ஆனா உழைப்பு அப்பா ஆகாது. வாரத்தில ரெண்டு பின்னேரம் டாக்சியை விட்டு இறங்குங்கோ. உங்கட பிள்ளைக்கு ஆர் தகப்பன் எண்டு அந்த மைதானத்தில நாலு பேருக்குத் தெரிய வேணும். முதல்ல அவளுக்குத் தெரிய வேணும்."

வரிசை நகர்ந்தது. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். ஞானேந்திரன் அசையவில்லை.

"எத்தினை மணிக்குத் தொடங்கும்?" என்று கேட்டார்.